வந்நு, வந்நில்லா

பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு செங்கோட்டையில். ஓணத்துக்கு முந்தைய பத்து நாளும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகளுக்குச் சீட்டு எழுதியே கை ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட நான், 2023-இல் திருவோணத்துக்கு ஐந்து நாள் முன்னால் திருவனந்தபுரம் போய் மார்பில் ஊசியால் சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸி செய்துகொண்டு, “ஏழு நாளில் ரிசல்ட்” என்று கவுண்டரில் சொன்னதை அப்படியே நம்பி வந்தேன். நாம் ஏற்றிவிடுகிற பூசணியும் புடலையும் வைத்து ஓணம் சாப்பிடுகிறவர்களில் லேபில் வேலை பார்க்கிறவர்களும் உண்டு என்பது அப்போது உறைக்கவே இல்லை.

அம்மாவுக்கு 1998-இல் மார்பில் கட்டி வந்தது. அப்போது அவளுக்கு 43 வயது. மீட்டர்கேஜ் ரயிலில் மலையிறங்கிக் கொல்லம் போய், அங்கிருந்து வண்டி மாறித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அதன்பின் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாள். 2019-இல் சித்திக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தபோதுதான் ஒரு டாக்டர், அக்காவுக்கு மார்பில், தங்கைக்குச் சினைப்பையில் என்றதும், “இது குடும்பத்தில் ஓடுகிற மாதிரி இருக்கே” என்றார். நோய் வந்தவருக்குத்தான் முதலில் மரபணு சோதனை செய்வார்களாம். சித்திக்கு பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கோளாறு இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்கும். அவளிடமிருந்து பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். நானும் தங்கையும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. அவள்தான் அன்று அழுதாள்.

இந்தக் கோளாறு இருந்தால் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல். சினைப்பைகளை 40 வயதிலேயே எடுத்தாயிற்று. அங்கே வருகிற புற்றை முளையிலேயே கண்டுபிடிக்க நம்பகமான சோதனை இல்லை என்றதால் அதில் நான் யோசிக்கவில்லை. மார்பை முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். ஏஞ்சலினா ஜோலி 2013-இல் வெளியே சொன்னாரே, அதே அறுவைதான், அதே மரபணுதான். எனக்கு மனசு வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு தடவை எம்.ஆர்.ஐ., அடுத்த தடவை மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரே என்று கண்காணிப்பில் இருக்கிறேன். கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

அந்த ஆகஸ்ட் எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கம் 9 மில்லிமீட்டரில் ஏதோ ஒளிர்ந்தது. அல்ட்ராசவுண்டில் தேடிப் பிடித்து, 4ஏ என்று போட்டார்கள். நூறு பேரில் இரண்டிலிருந்து பத்துப் பேருக்குப் புற்றாக இருக்கலாம் என்று அர்த்தம். தொண்ணூறு பேருக்கு இல்லை என்றுதானே அர்த்தம் என்று தங்கை கேட்டாள். கணக்குப்பிள்ளைக்கே கணக்குச் சொல்கிறாள்.

பயாப்ஸி ஒன்றும் பெரிய வேதனை இல்லை. மரத்துப்போகிற ஊசி போடும்போது சுள்ளென்றது, அவ்வளவுதான். டாக்டர் அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவியை முதலில் காற்றில் ஒருமுறை சுட்டு, “இந்தச் சத்தம்தான் வரும்” என்று காட்டினார். அது நல்ல காரியம். இல்லாவிட்டால் முதல் ‘டக்’குக்கே துள்ளியிருப்பேன். ஐந்து தடவை எடுத்தார். நர்ஸ் ஒவ்வொரு துண்டையும் ஃபார்மலின் குப்பியில் தட்டிவிட்டாள். வெள்ளை வெளேரென்று, ஒடித்த சேமியா மாதிரி. நான்கு மூழ்கின, ஒன்று மட்டும் மிதந்தது. “மிதக்கிறது வெறும் கொழுப்பு” என்றார் டாக்டர். அப்படியானால் மூழ்கினது என்ன என்று கேட்க வாய் வரவில்லை. “பேடிக்கண்டா சேச்சி”, பயப்படாதீங்க அக்கா, என்று ஐஸ் பையை வைத்து அமுக்கினாள் நர்ஸ். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

பஸ் குளத்துப்புழை, தென்மலை என்று சுற்றி வரும்போதே யாரிடம் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டேன். தங்கை, கடை அண்ணாச்சி, என் மகள். மூன்றே பேர். அதிகம் பேருக்குச் சொன்னால் அத்தனை பேரையும் நாம்தான் தேற்ற வேண்டியிருக்கும். “எதையும் நினைக்காதே” என்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நினைக்காமல் இருக்க முடிந்தால் நினைப்போமா? எனக்கு உதவியது லாரிச் சீட்டுதான். எடை, சிப்பம், வாடகை என்று எழுதுகிறபோது வேறு எதுவும் உள்ளே நுழைய இடமில்லை. சீட்டு முடிந்த இரவுகள்தான் நீளம். ஒரு ராத்திரி மகள், “எனக்கும் ரத்தம் எடுக்கணுமாம்மா?” என்றாள். அவளுக்குப் பதினாறு. “இப்போ வேண்டாம்டி. இருபத்தஞ்சு வயசுலதான் ஸ்கேனே ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடி நீயே பெரிய மனுஷியா முடிவு பண்ணிக்கலாம்” என்றேன். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழாவது நாள் ஆகஸ்ட் 31. அங்கே நாலாம் ஓணம். லேபில் போனை எடுக்க ஆளில்லை. மறுநாள் எடுத்தார்கள். அப்போதிலிருந்து ஒரு வினோதமான வேதனை. மலையாளத்தில் ‘வந்நு’ என்றால் வந்துவிட்டது, ‘வந்நில்லா’ என்றால் வரவில்லை. முதல் அசை இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தப் பெண் “வந்…” என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வரும். வந்நில்லா சேச்சி. சனிக்கிழமை கூடுதலாக ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டாள். சதைத்துண்டுக்கு வேறு சாயம் போட்டுப் பார்க்கிறார்களாம். சரி, அதுதான், இல்லாவிட்டால் ஏன் இன்னொரு சாயம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்று அண்ணாச்சி என் சீட்டில் இரண்டு தப்புப் பிடித்தார். ஒன்றும் சொல்லாமல் அவரே திருத்திக்கொண்டார்.

செப்டம்பர் 5, பன்னிரண்டாம் நாள், ‘வந்நு.’ போனில் சொல்லமாட்டார்கள், நேரில் வரச் சொன்னார்கள். நேரில் என்றாலே கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அங்கே எல்லாருக்குமே நேரில்தானாம். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். எந்தத் தேதி, லீவு நாள் கழித்தா கழிக்காமலா, போனிலா நேரிலா, இந்த மூன்றையும் பயாப்ஸிப் படுக்கையை விட்டு இறங்குமுன் கேட்டுவிடுங்கள்.

ஸ்கிளிரோசிங் அடினோசிஸ். புற்று இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் புற்று மாதிரியே ஏமாற்றுகிற சாதுவான மாற்றமாம். சுரப்பிகளைச் சுற்றி வெளி அடுக்குச் செல்கள் அப்படியே இருக்கின்றனவா என்று உறுதிப்படுத்தத்தான் அந்த இன்னொரு சாயம். ரிப்போர்ட்டும் ஸ்கேன் படமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றும் டாக்டர் பார்த்தார். பொருந்தாவிட்டால், புற்று இல்லை என்று வந்தாலும் திரும்ப எடுப்பார்களாம். பொருந்தியது.

வெளியே வந்து அண்ணாச்சிக்குத்தான் முதலில் போன் செய்தேன். “ஒண்ணுமில்லையாம் அண்ணாச்சி.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரிம்மா, மெதுவா வா. கொல்லம் லாரி வாடகை பாக்கி நிக்கி, அதை நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்றார்.

அடுத்த மேமோகிராமுக்குத் தேதி வாங்கக் கவுண்டரில் நின்றேன். பிப்ரவரி கடைசி வாரம் என்றாள் அந்தப் பெண். “ஊரே அடைத்துப்போகிற ஆற்றுக்கால் கோயில் பொங்கலைத் திருவிழா வருமே, எந்தத் தேதி?” என்று கேட்டேன். காலண்டரைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மார்ச் 5 என்று எழுதிக் கொடுத்தாள்.