அப்பாவுக்கு ஆள் வச்ச கதை

போன ஐப்பசில அப்பா விழுந்தாரு. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும், பல்லு வெளக்கிக்கிட்டு இருந்த மனுசன் அப்படியே வாஷ்பேசினப் புடிச்சபடி சரிஞ்சுட்டாரு. ஸ்ட்ரோக். வலது கை கால் விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு. ஹார்வி மில்லுல முப்பது வருசம் மிஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசியே பழகுன ஆளு, இப்ப வாயில இருந்து வர்றது ஒரே ஒரு வார்த்தை, "அந்தா". தண்ணி வேணும்னாலும் அந்தா, பேன நிறுத்தச் சொன்னாலும் அந்தா, எங்கம்மாவத் திட்டுறதுன்னாலும் அந்தாதான். (திட்டுறது மட்டும் எங்களுக்கு ஒடனே புரிஞ்சுரும்.)

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரில வச்சிருந்துட்டு, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. யாரு பாக்குறது? அம்மாவுக்கு 71 வயசு, முட்டி வலி. நான் காலைல எட்டரைக்குப் பழங்காநத்தத்துல பஸ் ஏறுனா திரும்பி வர ராத்திரி ஏழு. தம்பி பெங்களூர்ல இருந்து வாட்ஸ்அப்புல கவலப்படுவான். சரி ஆள் வைப்போம்னு ஒரு ஏஜென்சிக்கு போன் போட்டேன். பதிவுக் கட்டணம் 3000, மாசம் 22 ஆயிரம், 24 மணி நேரமும் இருப்பாங்க, சாப்பாடு நம்மளுது. "எல்லாருமே ட்ரெய்னிங் முடிச்ச ஸ்டாஃப் மேடம்"னு போன்ல மூணு தடவ சொன்னாங்க. மறுநாளே ஒரு பொண்ணு வந்துச்சு, நீலக் கலர் கோட்டு, கழுத்துல ஐடி கார்டு. அந்தக் கோட்டப் பாத்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கே, அதத்தான் இப்ப நெனச்சு நெனச்சு என்னையவே திட்டிக்கிறேன்.

நல்ல பொண்ணு, குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம் முந்தி வரைக்கும் ஜவுளிக்கடைல நின்னுச்சாம், அது அப்புறமாத்தான் தெரிஞ்சுச்சு. மூணு வாரம் ஓடிச்சு. அப்பத்தான் கவர்மெண்டோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இருந்து ஆள் வந்தாங்க. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி பக்கம் அத ஆரம்பிச்சப்ப, ஆமா வீடு தேடி வந்து கிழிக்கப் போறாய்ங்கன்னு டிவிக்கு முன்னாடி ஒக்காந்து நக்கலடிச்சவ நானு. மொதல்ல பிசியோ ஒருத்தரு வந்தாரு, அப்புறம் பேலியேட்டிவ் நர்ஸ் ஒருத்தங்க, படுத்த படுக்கையா இருக்கவங்க வலி வேதனையக் கொறைக்கப் பாக்குறவங்க. அவங்க பிரஷர் பாக்குறதுக்கு முன்னாடியே அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகத் தெறந்து பாத்தாங்க. வால் எலும்பு மேல அஞ்சு ரூவா காசு அளவுக்குச் செவப்பு. வெரலால அமுக்கி எடுத்துட்டு, "பாருங்கம்மா, நல்ல தோலா இருந்தா அமுக்குன எடம் வெளுத்துட்டு மறுபடி செவக்கும், இது வெளுக்கவே மாட்டேங்குது"ன்னாங்க. படுக்கைப் புண்ணு ஆரம்பம். நான் அந்தப் பொண்ணப் பாக்குறேன், அது என்னயப் பாக்குது. "டெய்லி ஸ்பிரிட் ஊத்தி நல்லாத் தேச்சு பவுடர் போடுறேன்க்கா"ங்குது. அந்தத் தேக்கிறதுதான் தப்பாம். செவந்த எடத்துல தேக்கவே கூடாது, அடியில இருக்க சதை இன்னும் நைஞ்சு போகும். பண்ண வேண்டியது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் படுக்க வைக்கிறது, குதிகால் மெத்தைல படாம கெண்டைக்கால் அடியில தலகாணி குடுக்குறது, ஈரம் தங்காமப் பாத்துக்கிறது. ஏர்பெட்டுதான் வாங்கிட்டோமே பொரட்டத் தேவையில்லன்னு நாங்களும் இருந்துட்டோம். ஏர்பெட்டுன்னாலும் பொரட்டணும். ஏஜென்சிக்கு போன் பண்ணுனா "அதெல்லாம் ஃபேமிலி சொல்லணும் மேடம்"ங்குறாங்க. எங்களுக்குத் தெரியாமத்தானய்யா ஒங்களுக்குக் காசு குடுக்குறோம்.

எங்க சின்னம்மா மக இங்கிலாந்துல லெஸ்டர்ல கேர் வேலை, அதாவது முடியாதவங்களப் பாத்துக்கிற வேலை பாக்குறா. 2022ல அந்த வேலைக்கு விசாவ தெறந்து விட்டப்ப போன கூட்டத்துல அவளும் ஒருத்தி (2025 ஜூலைல வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்குறத நிறுத்திட்டாங்க). அவகிட்ட பொலம்புனேன். "பொரட்டுன சார்ட் எங்கக்கா? மருந்து சார்ட் எங்க? கேர் பிளான்னு ஏதாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"ன்னு ஏழு நிமிசத்துக்கு வாய்ஸ் நோட்டு. அங்க கேர் குவாலிட்டி கமிஷன்னு ஒண்ணு இருக்காம், 2009ல இருந்து. வீட்டுக்குப் போயிப் பாக்குற ஏஜென்சியக்கூட அது பரிசோதிக்கும். பாதுகாப்பா இருக்கா, பலன் இருக்கா, அக்கறையா நடத்துறாங்களா, ஆளுக்குத் தக்கன மாத்திக்கிறாங்களா, நிர்வாகம் ஒழுங்கான்னு அஞ்சு கேள்வி கேட்டு, நாலு கிரேடுல ஒண்ணு குடுக்கும், அந்தக் கிரேட எல்லாருக்கும் தெரியிற மாதிரி போட்டே ஆகணும். அப்ப அங்க சொர்க்கம்னு சொல்லுன்னேன். சிரிச்சா. பதினஞ்சு நிமிசத்துல ஒரு பாட்டிய கழுவி உடுத்தி சாப்பாடு குடுத்துட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணுமாம், நடுவுல போற நேரத்துக்குப் பல எடத்துல காசு கெடையாதாம்.

ஆனா அவ சொன்ன ஒண்ணு எனக்குள்ள நின்னுருச்சு. இப்ப அவ பாக்குறது மூளை வளர்ச்சி கொறஞ்ச மூணு பெரிய ஆளுங்க இருக்க வீடு, சப்போர்ட்டட் லிவிங்னு பேரு. வாடகை அக்ரிமெண்ட் அவங்க பேர்லயே இருக்கும், கவனிப்புக்குத் தனி ஒப்பந்தம். "அது அவங்க வீடுக்கா, நாங்கதான் வந்து போறவங்க, கதவத் தட்டிட்டு அவங்க சரின்னு சொன்னப்புறந்தான் ரூமுக்குள்ள போகணும்"னா. எங்க வீட்டுல அப்பா படுத்திருக்கிறது அவரு பிஎஃப் பணத்துல கட்டுன ரூம்பு. அதுக்குள்ள நாங்க ஒவ்வொருத்தரும் எப்படிப் போறோம்? பொசுக்குன்னு நொழஞ்சு போர்வைய இழுத்துட்டு "மாத்தணுமா?"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேப்போம். அவருகிட்ட இல்ல. நானுந்தான்.

மார்கழி கடைசில ஆள மாத்திக் கேட்டோம். சோழவந்தான் பக்கத்து அக்கா வந்தாங்க. கோட்டு கிடையாது, எட்டாவது படிப்பு, படுத்த மாமியார ஏழு வருசம் பாத்த கை. உள்ள வந்ததும் அப்பாவோட எடது பக்கமா ஸ்டூலப் போட்டு ஒக்காந்து பேரு ஊரு சொல்லி, "அய்யா, ஒங்களத் திருப்பப் போறேன், திருப்பட்டுமா?"ன்னு கேட்டுட்டு சும்மா இருந்தாங்க. ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அப்பா "அந்தா"ன்னாரு. அப்புறந்தான் கைய வச்சாங்க. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், தங்கச்சி சொன்ன மாதிரி. மொத நாள் பக்கம் இப்படி இருந்துச்சு: "6 மணி எடது பக்கம். 7.15 கேப்பைக் கஞ்சி முக்கா டம்ளர், நிமுத்தி ஒக்கார வச்சு. ரெண்டு தரம் இருமல். 8 மணி மல்லாக்க. முதுகு செவப்பு அப்படியே." அந்த ரெண்டு தரம் இருமல்தான் விசயம். பிசியோகிட்ட காட்டுனோம், கஞ்சிய இன்னும் கெட்டியாக் குடுங்க, தாடைய நெஞ்சப் பாத்துத் தாழ்த்தி முழுங்க வைங்கன்னாரு, இருமல் கொறஞ்சுச்சு. செவப்பு போக அஞ்சு வாரம் ஆச்சு.

எங்க தப்பையும் சொல்லிறணும். நாங்க குடுக்குற 22ல அக்கா கைக்குப் போறது 14ன்னு மூணாவது மாசந்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டு மணிக்கொருக்கா பொரட்டுன்னா அவங்க எப்பத்தான் தூங்குறது? 24 மணி நேரத்துக்கு ஒத்த ஆளுங்கிறதே பொய்க்கணக்கு. அதையும் நாங்களாக் கேக்கல, ஒருநாள் குழம்பு சட்டியோட நின்னபடியே கண்ண மூடிட்டாங்க, அம்மா பாத்துட்டுத்தான் சத்தம் போட்டுச்சு. இப்ப ராத்திரி பத்தும் பன்னெண்டும் என் அலாரம், அக்கா ஒம்பதரைக்குப் படுத்துருவாங்க, மதியம் ரெண்டு மணி நேரம் அம்மா பாக்கும், ஞாயித்துக்கிழம லீவு. தம்பி மாசம் நாலாயிரம் தனியா அக்காவுக்கே ஜிபே பண்றான். கவலப்பட்டதுக்கு ஒரு பிரயோஜனம்.

எதுத்த வீட்டு அத்த இதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, "என் மகனுக்கு யாருடி நோட்டு எழுதுவா?"ன்னுச்சு. மகனுக்கு 34 வயசு, சின்னதுல இருந்தே மூளை வளர்ச்சி கம்மி, அத்தைக்கு எழுபது தாண்டிருச்சு. ஹோம்ல விடுறதப் பத்திப் பேசுனாலே ஏர்வாடின்னுரும். 2001 ஆகஸ்ட்ல அங்க ஒரு காப்பகத்துல தீப் புடிச்சு, சங்கிலில கட்டிக் கெடந்த 28 பேரு ஓட முடியாம எரிஞ்சு போனாங்களே, இங்கிட்டு ஆளுக யாரும் அத மறக்கல. அவனுக்குச் சட்டப்படி பொறுப்பாளரா ஒரு கார்டியன் போடுறதுக்கு 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல வழி இருக்கு, கலெக்டர் கமிட்டில மனு குடுக்கணும், அந்த பாரத்த நான் பூர்த்தி பண்ணித் தந்துட்டேன். ஆனா கார்டியன் கையெழுத்துப் போடுவாரு, சோறு ஊட்டுவாரா? அத்த கேக்குறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

இப்ப சித்திரைத் திருவிழா வருது. அக்கா பேரனுக்கு அழகருக்கு மொட்டை, அஞ்சு நாள் லீவு. ஏஜென்சி வேற ஆள் அனுப்புறேன்னுச்சு. ஒரு நாள் முந்தியே அனுப்புங்க, அக்கா கூட இருந்து பாக்கட்டும்னேன். அதுக்குத் தனியா 800 ஆகும் மேடம்னாங்க. ஆகட்டும். நான் இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கப்ப அக்கா பக்கத்துல ஒக்காந்து வரப்போற ஆளுக்கு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்காங்க, அப்பா எட்டிப் பாக்குறாரு. "வலது கையப் புடிச்சுத் தூக்கக் கூடாது, தோள் எறங்கிரும். எடது பக்கமா நின்னு பேசு. அந்தா ஒரு தரம்னா தண்ணி. இழுத்துச் சொன்னா பேன். ரெண்டு தரம் வெடுக்குன்னு சொன்னா வெளிய போகச் சொல்றாரு, போயிட்டு அஞ்சு நிமிசம் கழிச்சு வா."