பச்சை லைட் சொன்ன பொய்

மூன்று மாதம் எங்கள் தோட்டத்து வீட்டில் ராத்திரி ஒன்பது மணியானால் ஃபேன் நின்றுவிடும். புது பேட்டரி, 150 ஏஎச் கொள்ளளவு, டால் ட்யூபுலர் என்கிற லெட் ஆசிட் வகை. அதைச் சார்ஜ் செய்ய சோலார் பேனல் 160 வாட்டில் இரண்டு. ஒட்டன்சத்திரம் பக்கம் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டைச் சுற்றிப் புளியமரமும் தென்னையும், கூரையில் நாலு மணி நேரம்கூட முழு வெயில் விழாது. அதனால் பேனலைக் கிணற்று மேட்டில் நிறுத்தினோம். அங்கிருந்து பேட்டரி இருக்கும் இடத்துக்கு 45 மீட்டர். மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு பேனலையும் பேரலலில் (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்து, பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரை மோட்டார் ரூமிலேயே வைத்து, அங்கிருந்து 4 ஸ்கொயர் எம்எம் கம்பியை வீட்டுக்கு இழுத்துவிட்டார். கேட்டால், "தம்பி, பச்சை லைட் எரியுது பாருங்க, பேட்டரி ஃபுல்லு."

ஒருநாள் மதியம் பொறுக்கமாட்டாமல் மீட்டரை எடுத்தேன். மோட்டார் ரூமில் கன்ட்ரோலரின் வெளிப்பக்கம் 14.4 வோல்ட். செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடிவந்து பேட்டரி முனையில் வைத்தால் 12.8. டிசி படிக்கும் க்ளாம்ப் மீட்டரைப் போட்டால் 4 ஆம்பியர். உச்சி வெயிலில் 18 ஆம்பியர் தரக்கூடிய பேனலிலிருந்து நாலு!

கம்பிதான் காரணம். போக 45, வர 45, ஆக 90 மீட்டர். எல்லாரும் மறப்பது இந்த இரண்டாவது 45-ஐத்தான். 4 ஸ்கொயர் செம்புக் கம்பி அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 0.4 ஓம், அதுவும் வெயிலில் கிடக்கும்போது. நாலு ஆம்பியர் போனாலே வழியில் 1.6 வோல்ட் காலி. கன்ட்ரோலர் பாவம் தன் காலடியில் 14.4 இருப்பதைப் பார்த்துவிட்டு, பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்து கரண்டைக் குறைத்துவிடுகிறது. கரண்ட் குறையக் குறைய வழியில் தொலைவதும் குறையும், அதனால் என்றைக்காவது பேட்டரி நிறையத்தான் செய்யும். ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். லெட் ஆசிட் பேட்டரியை இப்படி மாதக்கணக்கில் அரை வயிற்றோடு வைத்திருந்தால் தகட்டில் சல்பேட் படிந்து அதன் ஆயுளும் போகும்.

அப்பாவிடம் சொன்னதும், "முக்கால் இஞ்சு ட்யூப்புல கடைசி முருங்கைக்குத் தண்ணி எட்டாத கதையா?" என்றார். அதேதான்.

முதலில் கன்ட்ரோலரைக் கழற்றிக் கொண்டுவந்து பேட்டரியை ஒட்டி, ஒரு மீட்டருக்குள் மாட்டினேன். காசு செலவில்லை. மறுநாள் மதியம் 10 ஆம்பியர்! பேனல் பக்கம் 17.1 வோல்ட், வீட்டுப் பக்கம் 13.1. இன்னமும் நாலு வோல்ட் வழியிலேயே தொலைகிறது, ஆனால் இந்தமுறை அது கன்ட்ரோலருக்கு முன்னால் தொலைகிறது. அதனால் பேட்டரியின் உண்மையான வோல்டேஜைப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது.

சரி, தடிமனான கம்பி போட்டால்? கடைக்காரர் அதைத்தான் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 வோல்ட்டில் 18 ஆம்பியரை 90 மீட்டருக்கு 3 சதவீத இழப்போடு கொண்டுவர ஏறக்குறைய 50 ஸ்கொயர் எம்எம் செம்பு வேண்டும். மொத்த சிஸ்டத்தின் விலையே அந்தக் கம்பிக்கு வந்துவிடும். அதையே இரண்டு பேனலையும் சீரிஸில் (ஒன்றின் ப்ளஸ்ஸை அடுத்ததன் மைனஸில்) சேர்த்தால் வோல்ட் 36, கரண்ட் பாதி, அதே 3 சதவீதத்துக்கு 13 ஸ்கொயர்கூட வேண்டாம். வோல்ட் இரண்டு மடங்கானால் கம்பி கால்பங்கு. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் டிசி வருகிறதே, அதற்கும் என் கிணற்று மேட்டுக்கும் ஒரே கணக்குதான். அங்கே தூரம் 1,700 கிலோமீட்டருக்கும் மேல், அவ்வளவே வித்தியாசம்.

இதில் ஒரு விஷயம். 36 வோல்ட்டை 12 வோல்ட் பேட்டரிக்குச் சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (வோல்ட்டை மாற்றத் தெரியாத எளிய ரகம்) வழியாகக் கொடுத்தால் அதிகமான வோல்ட் அத்தனையும் வீண், பல கன்ட்ரோலர்கள் புகைந்தே போகும். எம்பிபிடி ரக கன்ட்ரோலர் வேண்டும், அது வோல்ட்டை இறக்கி கரண்டை ஏற்றித் தரும். நான் வாங்கியது பேனல் பக்கம் 100 வோல்ட் வரை தாங்கும், பேட்டரிக்கு 20 ஆம்பியர் வரை தரும். பேனல் ஒன்றின் ஓப்பன் சர்க்யூட், அதாவது எதிலும் மாட்டாதபோது காட்டும் வோல்ட், 22, இரண்டுக்கு 44, குளிர்காலத்துக் காலையில் இன்னும் கொஞ்சம் ஏறும், அதற்கெல்லாம் தாராளமாக இடம் இருக்கிறது. பழைய 4 ஸ்கொயர் கம்பியை மாற்றவே இல்லை. வழியில் இப்போதும் பத்தில் ஒரு பங்கு போகிறது, போகட்டும். பேட்டரிக்கு 16 ஆம்பியர் வருகிறது, ஃபேன் விடிய விடிய ஓடுகிறது.

அந்த அண்ணன் செய்த இன்னொரு காரியம், பேனல் லைனில் வீட்டுக்குப் போடும் சாதாரண ஏசி எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்). ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால் உள்ளே பொறி தானாக அணையும். டிசிக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது, பொறி பிடித்தால் பிடித்ததுதான். டிசி என்று அச்சடித்தது தனியாகக் கிடைக்கிறது, அதை மாட்டினேன். பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒரு ஃபியூஸ். கம்பியை எச்டிபிஇ பைப்பில் விட்டு மண்ணில் புதைத்தாயிற்று, அணில் கடிக்கும் தொல்லையும் தீர்ந்தது.

இப்போது மூன்றாவது பேனலை சீரிஸில் சேர்க்க ஆசை. கரண்ட் ஏறாது, கம்பியில் தொலைவதும் அதேதான், ஓப்பன் சர்க்யூட் வோல்ட் 66, கன்ட்ரோலர் தாங்கும். ஆனால் 12 வோல்ட் பேட்டரிக்கு 20 ஆம்பியருக்கு மேல் அது தராது, ஆக இன்னொரு பேட்டரி வாங்கி 24 வோல்ட்டாக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும். அப்பாவிடம் இன்னும் பேச்சே எடுக்கவில்லை.