36 எழுத்து

நேற்று சாயங்காலம், டி.என்.ஏ. துண்டுகளை நீளத்தின்படி பிரித்துக் காட்டும் ஜெல்லை யு.வி. வெளிச்சத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே எலி, ஒரே ஜீன். கல்லீரல் வரிசையில் மேலே ஒரு பட்டை, மூளை வரிசையில் சற்றுக் கீழே ஒரு பட்டை, தசையில் இரண்டும். இடைவெளி நூலளவுதான். 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் நிதானமாக ஓட்டினால்தான் பிரியும். அந்த நூலளவு டி.என்.ஏ.வின் 36 எழுத்து.

அந்த ஜீன், செல்லின் மேல் இருந்து இன்சுலினைப் பிடிக்கும் புரதமான இன்சுலின் ரிசெப்டருடையது. அதில் 22 எக்சான்கள், அதாவது ஒட்டிச் சேர்க்கப்படும் செய்தித் துண்டுகள். ஜீனின் நகலான ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது 36 எழுத்துள்ள 11ஆவது எக்சானைச் சேர்த்தால் பி வடிவம், விட்டால் ஏ. புரதத்தில் 12 அமினோ அமிலம்தான் வித்தியாசம். ஆனாலும் ஏ வடிவம் இன்சுலினோடு ஐ.ஜி.எஃப்.-2 என்ற வளர்ச்சிக் காரணியையும் இறுகப் பிடிக்கும். கருவில் அதுதான் அதிகம். கல்லீரலில் பெரும்பாலும் பி.

எதை வைப்பது, எதை விடுவது என்பது அந்தந்தத் திசுவில் இருக்கும் புரதங்கள் பொறுத்தது. அதில் ஒன்று எம்.பி.என்.எல்.1. அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய மாமாவின் கைதான் ஞாபகம் வரும்.

டம்ளரைப் பிடித்தால் அவரால் சட்டென்று விட முடியாது. விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரியும். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரு கண்ணு, விரல் விடட்டும்" என்பார். அது மயோடானிக் டிஸ்ட்ரோபி என்ற பரம்பரைத் தசை நோய் என்று தெரியவரப் பல வருஷம் ஆனது. அதற்குள் சர்க்கரையும் வந்துவிட்டது. வாயைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் எல்லோரும் அவரைத்தான் திட்டினோம். நானும்தான்.

டி.எம்.பி.கே. என்ற ஜீனில் சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்து 37 தடவைக்குள் நிற்க வேண்டும். இந்த நோயில் அது நீண்டுகொண்டே போகும். அந்த நீண்ட ஆர்.என்.ஏ. எம்.பி.என்.எல்.1 புரதத்தைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ள, தசையில் வெட்டி ஒட்டும் வேலை கருவில் இருந்த பழைய முறைக்கே திரும்பிவிடுகிறது. தசை தளர உதவும் குளோரைடு சேனல் புரதத்தின் ஆர்.என்.ஏ. தப்பாக ஒட்டப்படுவதால் விரல் விடுவதில்லை. இன்சுலின் ரிசெப்டரில் 11ஆவது எக்சான் விடுபட்டு ஏ வடிவம் கூடிப்போவதால், இன்சுலின் வந்தாலும் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. நோயாளிகளின் தசையிலேயே இதை 2001இல் காட்டிவிட்டார்கள்.

ராத்திரி வீடியோ காலில் மாமாவுக்கு ஜெல் படத்தைக் காட்டி, தசை வரிசையில் விரல் வைத்து விளக்கினேன். கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் தின்ன லட்டு இல்லையா?"

"லட்டு மட்டும் இல்ல மாமா."

பக்கத்தில் இருந்த அத்தை, படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.