ஜூன் விடுமுறையில் நியூசிலாந்து கேம்பர்வேனா? முதலில் கையைப் பாருங்கள்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியும் எரிச்சல் தீரவில்லை. உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டியான கேம்பர்வேனுக்கு அவ்வளவு வாடகை வாங்குகிறார்கள், கைக்கு என்று கொடுப்பதோ ஊதினால் பறக்கும் பிளாஸ்டிக் உறை ஒரு ஜோடி! நமக்கு ஜூனில் பள்ளி விடுமுறை, அங்கே அது குளிர்காலம். டெக்காப்போ ஏரிப் பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முப்பது டிகிரியில் பழகிய விரல் மரத்துப்போனால் பிடி நழுவும், நசுங்கினாலும் உடனே உறைக்காது.

அதனால் உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி, மணிக்கட்டைத் தாண்டி வரும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை பத்து ஜோடி, இரண்டையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். தோட்ட வேலைக்குப் போட்ட பழைய கையுறை வேண்டவே வேண்டாம். மண் ஒட்டியிருப்பதைச் சொல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் தண்டம். அந்தக் காசில் குடும்பமே நன்றாகச் சாப்பிடலாம்.

மோதிரத்தைக் கழற்றிப் பையில் போடுங்கள். வண்டியிலிருந்து குதிக்கும்போது கதவுக் கொக்கியில் மாட்டினால் உடம்பின் மொத்தப் பாரமும் அந்த ஒரு விரலில்தான் விழும். தோல் உரிந்து வந்துவிடும்.

தரை சரிவாக இருந்தால், வண்டி சமமாக நிற்க, சக்கரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் சாய்வுக் கட்டை வைத்து ஏற்றுவார்கள். இங்கேயும் விரல் போகலாம். கட்டை கோணலாக இருக்கிறதே என்று, வண்டி நகரும்போதே குனிந்து கையால் தள்ளுகிறார்கள். கூடாது! வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி தள்ளி நிற்கட்டும். வண்டி நின்று, கைபிரேக் போட்டு, இஞ்சின் அணைந்த பிறகுதான் அவர் பக்கத்தில் வரலாம். நிழலுக்காக வண்டியின் பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் கூரைத் துணியை விரிக்கும்போது மடங்கும் கம்பியின் மூட்டில் கை வைக்காதீர்கள். காற்றடித்தால் விரிக்கவே வேண்டாம்.

வண்டி நிறுத்தும் முகாமில் கம்பத்திலிருந்து எடுக்கும் மின்சாரம் நம்மூர் மாதிரி 230 வோல்ட்தான், ஆனால் பிளக் நீல நிற வட்டம், 16 ஆம்ப். ஈரக்கையோடு தொடாதீர்கள். கம்பத்துச் சுவிட்சை அணைத்து, முதலில் வண்டியில் செருகி, பிறகு கம்பத்தில் செருகி, கடைசியாகச் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ். ஒயரைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள், ஹீட்டர் ஓடும்போது சுருள் சூடேறி உருகும்.

வண்டிக் கழிவறையில் கழிவு சேரும் பெட்டியைக் காலி செய்யத்தான் நைட்ரைல். நிறைந்த பெட்டி இருபது கிலோவை நெருங்கும், இரண்டு கையாலும் தூக்குங்கள். பெட்டியின் வாய்க்குழாயைத் திருப்பி மூடியைத் திறந்து, ஊற்றும்போது மேலே உள்ள காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே இருங்கள். விட்டால் குபுக் குபுக்கென்று முகம்வரை தெறிக்கும். அலசக் குடிநீர்க் குழாயைத் தொடாதீர்கள், பக்கத்திலேயே வேறு குழாய் இருக்கும். கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்துக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அந்த வறண்ட குளிரில் விரல் நுனி இரண்டே நாளில் வெடித்துவிடும்.