‘ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் பிரதர்’

எங்கள் சபையில் மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, ஊழியம் செய்ய ஆள் பிடிப்பது என் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில், செருப்பு கிடக்கும் இடத்தில் நின்றுகொள்வேன். முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் பிரதர்” என்பார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? ஜெபத்தைக் குறை சொன்னவன் என்ற பேர்தான் மிஞ்சும். சிலர் உண்மையாகவே ஜெபித்து, அந்த வாரமே போன் பண்ணிவிடுவார்கள். மற்றவர்கள் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் ஜெபித்துக்கொண்டிருப்பார்கள்.

கீழ்ப்படியாமை என்றாலே நமக்கு யோனாதான். நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொன்னதற்குத் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறி ஓடினவர். விசுவாசிகளில் அப்படி ஓடுகிறவர்கள் கம்மி. நாம் முழங்காலில் நின்றபடியே தள்ளிப்போடுகிற ஜாதி.

ஜெபத்தைக் கர்த்தரே நிறுத்தச் சொன்ன இடங்களும் வேதத்தில் உண்டு. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் ரதங்கள். மோசே முறையிடுகிறார். “நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன?” என்று கேட்டு, ஜனங்களைப் புறப்படச் சொல்லு என்கிறார் கர்த்தர். ஆயி பட்டணத்தில் தோற்றபின் யோசுவா சாயங்காலம் வரைக்கும் கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் முகங்குப்புறக் கிடந்தார். அவருக்கும் “எழுந்திரு” என்றுதான் பதில் வந்தது. பாளயத்துக்குள் ஆகான் திருடிப் புதைத்துவைத்த பொருள் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எழுந்து நடக்க வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் பிலேயாம். குறிசொல்லுகிற அவரிடம் மோவாபின் ராஜா பாலாக்கின் ஆட்கள் கூலியோடு வந்து, இஸ்ரவேலைச் சபிக்கக் கூப்பிடுகிறார்கள். பிலேயாம் தேவனிடம் கேட்கிறார். “நீ அவர்களோடே போகவேண்டாம்” என்று தேவன் சொல்லிவிட்டார். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. அடுத்த தடவை முன்னிலும் பெரிய பிரபுக்கள் வருகிறார்கள். வீடு நிறைய வெள்ளியும் பொன்னும் கொடுத்தாலும் கர்த்தருடைய வார்த்தையை மீற மாட்டேன் என்று பிலேயாம் சாட்சியெல்லாம் நன்றாகத்தான் சொல்கிறார். அதே மூச்சில், இந்த ராத்திரி தங்குங்கள், கர்த்தர் இன்னும் என்ன சொல்லுகிறார் என்று பார்க்கிறேன் என்கிறார். எண்ணாகமம் 22இல் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குச் செருப்புக்குப் பக்கத்தில் நடக்கும் உரையாடல்கள் ஞாபகம் வரும். பிலேயாம் செய்ததும் ஜெபம்தான், ஆனால் பதில் கிடைத்தபின் செய்த ஜெபம்.

கல்யாணம், வேலை மாற்றம், வீடு வாங்குவது இதற்கெல்லாம் காத்திருந்து ஜெபிப்பது நியாயமே. கில்காலில் தீர்க்கதரிசி சாமுவேல் வரும்வரை பொறுக்காமல் பலியிட்ட சவுல் ராஜாவுக்கு, ராஜ்யபாரம் நிலைநிற்காது என்ற பதில்தான் கிடைத்தது. நான் சொல்வது, ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிற காரியங்களை. சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டுப் போ என்றார் இயேசு. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. நேரமே குறித்துக் கொடுத்தாகிவிட்டது. இதில் எதற்கு ஜெபித்து முடிவெடுப்பது?

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். ஒருநாள் தாத்தா சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தபோது, தேங்காய் வெட்டிப் போட்டவர் வேலை முடிந்து வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஆச்சி கை காட்டினாள். தாத்தா கண்ணாடியைக் கழற்றி வேதப்புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்தார், உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வாசலில் நின்று நோட்டுகளை ரெண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். கூடவே ரெண்டு தேங்காய். திரும்பி வந்து, விட்ட வசனத்திலிருந்தே வாசித்தார். ஜெபத்துக்கு நடுவில் எழுந்ததில் ஆச்சிக்குச் சங்கடம். “அவன் வீட்டுல உலை வைக்காண்டாமா? சங்கீதம் இங்கதான கெடக்கு” என்றார் தாத்தா.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. தாய்க்கு உடம்பு சரியில்லை என்றுதான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். மிஷனரி ஆகிற எண்ணமே கிடையாது. ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். மருத்துவரான தன் தகப்பனை அழைத்துப்போகச் சொன்னார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவு ஐடாவும் தூங்காமல் ஜெபித்தவர்தான். ஆனால் இன்னும் ஒரு ராத்திரி பார்க்கலாம் என்று சொல்லவில்லை. மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் போய்ச் சொன்னார். அந்தக் காலையில் அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். 1899இல் பட்டம், 1900இல் திரும்பி வந்தது, 1902இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எல்லாம் அப்புறம் வந்தவை.