கதிரை நுனியில் இருந்த அதிபர்

1995 போர்க்கால இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களில் எங்கள் சித்திர மாஸ்ரரும் ஒருவர். பொருளாதாரத் தடைக் காலம். நிறப்பெட்டி எங்கே கிடைத்தது? பென்சிலும் அடுப்புக்கரியும்தான். அதை வைத்துக்கொண்டே அந்த மனிதர் எங்களுக்கு முகம் கீறப் பழக்கினார். சின்னப் படத்தைக் கட்டம் போட்டுப் பெருப்பிப்போம். கண், மூக்கு எல்லாம் அளவாக வந்துவிடும். மாஸ்ரர் பார்த்துவிட்டு, "ஆள் வந்திட்டார், குணம் வரேல்லை" என்பார். குணம் எங்கே இருக்கிறது சேர் என்று கேட்டால் கடைவாயைத் தொட்டுக் காட்டுவார். பிறகு கைகளை.

பள்ளிக்கூட மண்டபத்தில் தொங்கிய எங்கள் அதிபரின் படம் அவர் வரைந்ததுதான். இடம்பெயரும்போது உடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த எண்ணெய் வர்ணம் அதற்கே முடிந்துபோனது. பின்னேரங்களில் அதிபரை இருத்தி வைத்துப் பல நாள் வரைந்தார். படத்தில் அதிபர் கதிரையின் நுனியில் இருப்பார், ஒரு கை முழங்காலில் ஊன்றியபடி, இப்போதே எழும்பப் போகிறவராக. பிந்தி வந்து அவரிடம் அகப்பட்டவர்களுக்கு அந்தக் கை நன்றாகத் தெரியும்! அதிபர் என்றால் சாய்ந்து கம்பீரமாக இருக்க வேண்டாமா என்று சிலர் குறைப்பட்டார்கள். மாஸ்ரர் மாற்றவில்லை. படம் பிடிக்கும் ஒரு நிமிடத்துக்கு எவரும் ஒழுங்காக இருப்பார்கள். பல நாள் பார்த்திருந்தவருக்குத்தான் எந்த இருப்பு அவருடையது என்று தெரியும்.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன்னையே வரைந்த இரண்டு படங்கள் இருக்கின்றன. 1640இல் வரைந்ததில் அவருக்கு 34 வயது. ஆடம்பர உடை, முழங்கையைச் சுவர் விளிம்பில் ஊன்றிய மிடுக்கு. மற்றது 1669, அவர் இறந்த ஆண்டு. இடையில் மனைவி இறந்துவிட்டார், 1656இல் கடனில் முறிந்தார், 1668இல் மகனும் இறந்துவிட்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த முகத்தில் தெரியும் துயரத்தில் பாதி நாங்களே கொண்டுபோய் வைப்பதுதான். ஆனால் மிச்சப் பாதி அவருடைய வேலை. உடையை இருட்டில் கரைய விட்டுவிட்டு, முகத்தில் மட்டும் வர்ணத்தைத் தடிப்பாக அப்பியிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் கையில் தூரிகை இருந்தது தெரியவந்தது. பிறகு அதை மறைத்துக் கைகளைச் சும்மா கோர்த்து வைத்திருக்கிறார். தூரிகை இருந்திருந்தால் அது ஓர் ஓவியரின் படம். இப்போது அது ஒரு வயதான மனிதர், அவ்வளவுதான். மாஸ்ரர் கையைக் காட்டியது எதற்கென்று எனக்கு அங்கேதான் முழுதாக விளங்கியது.

2009 இறுதிப் போருக்குப் பிறகு எங்கள் மண்டபத்துப் படம் இல்லை. எங்கள் பழைய மாணவர் சங்கம் புதிதாக ஒன்று வரைவிக்கப் போகிறது, அதற்குக் கிடைத்திருப்பது ஒரு அடையாள அட்டைப் படம் மட்டும். வரைகிறவர் அதிபரைக் கண்டதேயில்லை. ஆகவே அவர் எப்படி நடப்பார், கோபம் வந்தால் வாய் எப்படிப் போகும், கையை எங்கே வைத்திருப்பார் என்று நினைவிருப்பவர்கள் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். அப்புறம் ஒன்று: தயவுசெய்து, கதிரையில் சாய்ந்திருக்கிற மாதிரி மட்டும் வேண்டாம்.