இன்னொருவர் பேரில் நேர்ந்த கடன்

எங்கள் வீட்டில் கரன்ட் பில்லைக்கூடக் கடைசி நாள் வரைக்கும் இழுப்போம். சாமிக்குச் சொன்னதை இழுக்க மாட்டோம். அப்படியிருந்தும் விரிஞ்சிபுரம் வழித்துணைநாதருக்கு நான் சொன்ன கடன் ஒன்று பதினான்கு மாதம் அப்படியே கிடந்தது. அது என் வீட்டாருக்காகச் சொன்ன கடன் இல்லை. யாருக்காகச் சொன்னேனோ அந்தப் பையனைக் கூட்டிப்போகாமல் தீர்க்க மனசு வரவில்லை. "உங்க பையன் பேர்ல எங்க சாமிகிட்ட வேண்டிக்கினு இருக்கேன்" என்று ஆம்பூரில் இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. வயது 74. குடியாத்தத்திலிருந்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். முதல் இரண்டு நாள் என் தங்கை கூட இருந்தாள். அவள் கிளம்பிய பிறகு வந்தது சிக்கல். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்க முடியாது. நான் வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தபடி, அம்மா தண்ணீர் கேட்டால் யார் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்தான் ஆம்பூர் அக்கா. அவருடைய மகன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. பத்தொன்பது வயசு. அவன் ஆண்கள் வார்டில் கிடந்தான். வீட்டுக்காரருக்குத் தோல் பட்டறையில் வேலை, இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடைக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அக்காவையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"தம்பி, எம் புள்ள பக்கத்துல நீ படுத்துக்கோ. உங்கம்மா பக்கத்துல நான் படுத்துக்கறேன். செரியா?"

பதினோரு ராத்திரி அப்படியே நடந்தது.

அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தலை வாரிப் பின்னாமல், நெற்றியில் விபூதி இல்லாமல் காலைக் காப்பியைத் தொட மாட்டாள். அக்கா தினமும் விடிகாலையில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டார். விபூதியை மட்டும் பூசிவிடவில்லை. டப்பியைத் திறந்து அம்மா கையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். அம்மா இதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். "அவ வழக்கம் அவளுக்கு, என் வழக்கம் எனக்கு. ஆனா டப்பி இருக்கற எடம் அவளுக்குத் தெரியும்."

பையன் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. கண் திறப்பான், யாரையும் அடையாளம் தெரியாது. ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடப் பார்த்தான். நர்சு வரும் வரைக்கும் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அப்போது வாயில் வந்தது இதுதான்: "வழித்துணைநாதா, இந்தப் புள்ளய பத்திரமா ஊடு கொண்டுபோயி சேத்துடு. மிளகு கொண்டாந்து வைக்கறேன்." அது யார் பிள்ளை, எந்தச் சாமி என்றெல்லாம் கணக்குப் பார்க்க அந்த நேரத்தில் மனசு எங்கே இருந்தது!

அவன் பிழைத்தான். இடது காது மட்டும் போய்விட்டது.

பதினான்கு மாதம் கழித்து அக்காவே போன் செய்தார்.

"தம்பி, உங்கம்மா நடக்கறாங்களா?"

"வாக்கர் புடிச்சிக்கினு நடக்கறாங்கக்கா."

"அப்பன்னா ஆற்காட்டுக்குப் போவணும். மஸ்தான் பாவாவுக்குப் போர்வ நேந்துகினு இருக்கேன், உங்கம்மா பேர்ல. நீ தப்பா எடுத்துக்குவியோன்னு இத்தினி நாளா சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மிளகுக் கடனைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றார்.

எனக்குத் திங்கட்கிழமை வேண்டும், அவருக்கு வியாழன். வியாழன் என்று விட்டுக்கொடுத்தேன். தை மாதத்தில் ஒரு நாள் வாடகைக் கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம். பள்ளிகொண்டாவில் அக்காவும் பையனும் ஏறிக்கொண்டார்கள். பையன் நல்ல உயரம். முன் சீட்டில் உட்கார்ந்தவன், நாங்கள் ஏதாவது பேசினால் உடம்பைத் திருப்பி, வலது காது எங்கள் பக்கம் வரும்படி தலையைச் சாய்த்துக் கேட்டான். அம்மா அதைக் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

செதுவாலையில் பெங்களூர் ரோட்டிலிருந்து திரும்பினால் விரிஞ்சிபுரம். கோயிலுக்கு முன்னால் ஓர் அம்மா கூடையில் முள்ளுக் கத்திரிக்காய் வைத்திருந்தார். அக்கா தரிசனத்துக்கு முன்பே இரண்டு கிலோ வாங்கி டிக்கியில் போட்டார். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் கத்திரிக்காய் பச்சடிக்கு இந்தக் காய்தான் வேண்டுமாம். ஆம்பூர்க்காரர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

விரிஞ்சை மதிலழகு என்பார்கள். அது இருக்கட்டும், எனக்கு இந்தக் கோயிலில் பிடித்தது சாமியின் பெயர்தான். மார்க்கபந்து, அதாவது வழித்துணை. மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரத்துக்குப் போன வணிகர் ஒருவர் இங்கே தங்கினார். வழியில் கள்ளர் பயம். "நீதான் துணைக்கு வரணும்" என்று வேண்டினார். வழி முழுக்க ஒரு காவல்காரன் கூடவே வந்து, காஞ்சிபுரம் வரை விட்டுவிட்டு மறைந்தான் என்பது தலபுராணம். நான் மிளகு என்று நேர்ந்துகொண்டது அந்த நினைப்பில்தான். அப்பைய தீட்சிதர் இந்தச் சாமிமேல் பாடிய துதியை ஊருக்குப் புறப்படும்போது சொல்லும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு.

அக்காவும் பையனும் வெளிப் பிராகாரத்தோடு நின்றுகொண்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. அங்கே காலம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த கல். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. பையன் ஒரு ஈர்க்குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு அதில் இறங்கிவிட்டான்.

அம்மாவை மெதுவாக உள்ளே நடத்திப்போனேன். குருக்கள் மிளகுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார். பையன் பேரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரம்?"

அது எனக்கு எங்கே தெரியும்? அம்மாவைத் தூணோரம் உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடினேன். அக்கா யோசித்தார். "ரம்ஜான் முடிஞ்சி மூணாம் நாளு. சரியான மழ." இதைக் கொண்டுபோய் அப்படியே குருக்களிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மழைன்னா திருவாதிரைன்னு வெச்சுக்குவோம், சுவாமி நட்சத்திரம்தானே" என்றவர், பையன் பேரை அட்சரம் பிசகாமல் சொல்லி அர்ச்சனையை ஆரம்பித்தார்.

தீபாராதனைக்கு முன்னால் குருக்கள் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். லிங்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. தகப்பன் இல்லாத ஒரு சின்னப் பிள்ளைமேல் பூஜை முறை வந்து விழுந்தது. அபிஷேகம் செய்யப் போனால் சாமியின் முடி எட்டவில்லை. பிள்ளை அழுதான். சாமி தலையைச் சாய்த்துக் கொடுத்தார். பிறகு நிமிரவே இல்லை. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை. அம்மா அன்றைக்கு அதைப் புதுசாகக் கேட்பதுபோலக் கேட்டாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள்.

வெளியே வந்தபோது பையன், "அங்கிள், கல்லு கரெக்டா டைம் காட்டுது" என்று செல்போனை நீட்டினான்.

அடுத்து வேலூர்க் கோட்டை. ஜலகண்டேஸ்வரரைப் பார்க்காமல் அம்மா வேலூரைத் தாண்ட மாட்டாள். "சாமியில்லாத கோயிலு, ராசா இல்லாத கோட்ட, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மல" என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. அதில் முதலாவது 1981-ல் பொய்யாகிவிட்டது. அந்த வருஷம் மார்ச் மாதத்தில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பது வயசு. அப்பா சைக்கிளில் கூட்டிவந்த கதையை ஒவ்வொரு முறையும் சொல்வாள், அன்றும் சொன்னாள்.

கோட்டைக்குள் கோயில், மசூதி, 1846-ல் கட்டிய புனித யோவான் தேவாலயம் மூன்றும் இருப்பதைக் காட்டி, இதுதான் மத நல்லிணக்கம் என்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. கல்லும் சுண்ணாம்பும் பக்கத்தில் பக்கத்தில் எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் பேசாமல் நிற்கும். அதைவிட இதே கோட்டையில் 1806-ல் நடந்தது எனக்குப் பெரிது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கம்பெனிக்காரன் உத்தரவு போட்டான். விபூதிக்கும் தாடிக்கும் ஒரே காகிதத்தில் தடை. ஜூலை 10 விடியற்காலையில் இரண்டு தரப்பும் ஒன்றாகத்தான் எழுந்தார்கள். ஒருத்தன் விபூதி இன்னொருத்தனுக்கு வேண்டியதாக இல்லாமல் இருக்கலாம். அதை அழிக்கச் சொன்னால் அவனுக்கும் கோபம் வந்தது. அம்மாவின் விபூதி டப்பி எனக்கு ஞாபகம் வந்தது.

அகழி ஓரத்துப் புல்லில் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தார். "கோயிலுக்குப் போற நாளு, அதனால புதுப் பாத்திரத்துல செஞ்சேம்மா" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புதுப் பாத்திரம் எதுக்குடி வாங்கின? ஆஸ்பத்திரில உங்கையால கஞ்சி குடிச்சனே, அது இன்னா புதுப் பாத்திரமா?"

ஐடா ஸ்கடர் சாலை வழியாக வந்தோம். வங்காளத்திலிருந்து வந்த நோயாளிகள், வங்காள எழுத்தில் ஓட்டல் பலகைகள், ரிப்போர்ட் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவர்கள். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பையனுக்கு அந்தச் சாலைப் பெயரின் கதையைச் சொன்னேன். திண்டிவனத்தில் மிஷன் டாக்டரின் மகளாக இருந்த ஐடாவைத் தேடி ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். "நான் டாக்டர் இல்லை, என் அப்பாவைக் கூட்டிப் போங்கள்" என்றார் அந்தப் பெண். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல் வந்தது.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஆம்பள தொடக்கூடாதுன்னு மூணு உசுரு போச்சு. ஆம்பள தங்கக்கூடாதுன்னுதான் நீயி எனக்குத் தம்பி ஆன" என்றார். எனக்குத் தோன்றாத கணக்கு.

ஆற்காட்டுக்குள் நுழையும்போது சாயங்காலம். திப்பு மஸ்தான் அவுலியா தர்கா. பிள்ளை வேண்டி ஹைதர் அலியும் அவர் மனைவியும் வந்து நின்ற இடம். பிறந்த பிள்ளைக்கு அவுலியாவின் பெயரையே வைத்தார்கள். மைசூர்ப் புலியின் பெயர் நம்ம ஆற்காட்டிலிருந்து போனது என்பதில் இந்தப் பக்கத்துக்காரனாக எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

காரை விட்டு இறங்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னார், தர்காவுக்கு வருவது அவருடைய கொழுந்தனாருக்குப் பிடிக்காதாம். அல்லாவிடம் நேராகக் கேட்கவேண்டியதை இங்கே வந்து கேட்கலாமா என்று வீட்டில் பெரிய பேச்சாம். "அவரு சொல்றதும் சரியா இருக்கலாம் தம்பி. ஆனா நான் வாயால சொல்லிட்டேன். சொன்னத செய்யணும்ல." இதற்கு நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சட்டமும் அதுதான்.

அக்காவும் அம்மாவும் வாசற்படியோடு நின்றுவிட்டார்கள். பச்சைப் போர்வையை அக்கா என் கையில் வைத்தார். காலையில் அவர் பிள்ளைக்கு மிளகை நான் கொண்டுபோனேன். இப்போது என் அம்மாவுக்கு அவர் நேர்ந்ததையும் நான்தான் கொண்டுபோகிறேன். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். பையன் ஒரு முனையைப் பிடித்தான், நான் ஒரு முனை. மல்லிகைச் சரமும் ஊதுபத்தியும் கலந்த வாசம். போர்வையைப் போர்த்திய பிறகு என் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கும்பிடுவதா, ஏந்துவதா? பாதியில் நின்ற கையைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மயிலிறகால் என் தலையில் தட்டினார். பாத்தியா ஓதும்போது அம்மா பேரைக் கேட்டார். நட்சத்திரம் கேட்கவில்லை.

திரும்பி வாசலுக்கு வந்தால், அம்மா நிலைப்படியில் கை வைத்துக் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உற்றுக் கேட்டேன். எங்கள் கெங்கையம்மனுக்குச் சொல்கிற அதே வார்த்தைகள். சர்க்கரை கொடுத்தவரிடம் இரண்டாம் தடவையும் கை நீட்டினாள். சுகர் இருப்பது அவருக்குத் தெரியாதே.

மக்கன் பேடா வாங்க நான் கடைப்பக்கம் போய்த் திரும்பியபோது தெரு விளக்கு எரிந்திருந்தது. அம்மா வாக்கரைப் பிடித்தபடி காரருகே நின்றுகொண்டிருந்தாள். பையன் அவளுக்கு வலது பக்கத்தில், இடது காது அம்மா பக்கமாக இருந்தான். அம்மா ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அவன் சட்டென்று சுற்றி முன்னால் வந்து, அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து, அம்மாவின் வாய்க்கு நேராகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தான்.

அம்மா சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவன் தலைமேல் கையை வைத்தாள்.